22-ல் ஒருவர்

உங்கள் கம்பெனி உங்களை நட்சத்திர ஓட்டலில் நடக்கும் 'லீடர்ஷிப் டிரெயினிங்'குக்கு எப்போதாவது அனுப்பியிருந்தால், இந்த முதல் பாராவைத் தாண்டிவிடலாம். அனுப்பாத பாவப்பட்டவர்களுக்காகச் சொல்கிறேன். காலை ஒன்பதரை மணிக்கு கோட் போட்ட ஒருவர் வருவார். காலரில் மைக்கைச் செருகிக்கொண்டு, "உங்களை வழிநடத்துவது யார்?" என்று கேட்பார். முன்வரிசை ஆசாமி "எம்.டி. சார்!" என்பார். (எம்.டி. பின்வரிசையில் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியும்.) "இல்லை! நீங்களேதான்!" என்பார் கோட். கை தட்டுவோம். பதினொன்றே காலுக்கு டீ, சமோசா. சாயங்காலம் பளபளவென்று ஒரு சர்ட்டிபிகேட். மறுநாள் ஆபீஸ் போனதும் மானேஜர் ஒரு வவுச்சரை நீட்டி "சைன் பண்ணுய்யா" என்பார். படிக்காமல் பண்ணுவோம்.

இந்தச் சமாசாரத்துக்கு 'செல்ஃப் லீடர்ஷிப்' என்று பெயர். தன்னைத் தானே மேய்த்துக்கொள்வது என்று நான் மொழிபெயர்த்து வைத்திருக்கிறேன். 1986-ல் சார்ல்ஸ் மான்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதை ஒரு முழு தியரியாகவே எழுதினார். மேலதிகாரி தலைக்கு மேல் நிற்காவிட்டாலும் எதைச் செய்வது, ஏன் செய்வது, எந்தத் தரத்தில் செய்வது என்று தனக்குத் தானே விதித்துக்கொண்டு நடப்பது என்று சுருக்கமாகச் சொல்லலாம். நல்ல விஷயம்தான். ஆனால் இதைப் பார்க்க ஏ.சி. ஹாலும் சமோசாவும் தேவையில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி வார்டில் போய் உட்கார்ந்தால் போதும்.

அங்கே மானேஜர் இல்லை. பெரிய டாக்டர் வீட்டில் தூங்குகிறார். டூட்டி டாக்டர் வேறு மாடியில். இருபது கட்டில்களுக்கு நடுவே ஒரு சிஸ்டர், ஒரு டிராலி, ஒரு டார்ச் லைட். ஒரு கட்டிலை விட்டு அடுத்த கட்டிலுக்குப் போகும்போது அவர் கை கழுவினாரா? யாரும் பார்க்கவில்லை. நாடித் துடிப்பைக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாரா, அல்லது உட்கார்ந்த இடத்திலிருந்தே 78 என்று சார்ட்டில் எழுதினாரா? நோயாளிக்கே தெரியாது, அவர் குறட்டையில் இருக்கிறார். நாங்கள் பி.காம்.காரர்கள் ஐந்து ரூபாய் ஸ்டாம்புக்கு மூன்று கையெழுத்து வாங்குகிற ஜாதி. இங்கே உயிர் போகிற சமாசாரத்துக்கு அந்த நேரத்தில் ஆடிட்டர் அந்த ஒரே ஆள்தான்.

(சிஸ்டர், சிஸ்டர் என்கிறேனே என்று 'பிரதர்'கள் கோபிக்க வேண்டாம். இப்போது ஆண் நர்ஸ்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். சொல்லப் போவதெல்லாம் அவர்களுக்கும்தான்.)

கை கழுவுவதும் நாடி எண்ணுவதும்கூட சுலபம். மனசாட்சி இருந்தால் முடிந்துவிடும். கஷ்டமான கட்டம் வேறு. டெலிபோன் மணி அடிக்கிறது. எதிர்முனையில் டாக்டர். அவர் சொல்வது தப்பு என்று உங்களுக்குப் படுகிறது. இப்போது என்ன செய்வீர்கள்?

இதை ஒரு மனுஷர் சோதித்தே பார்த்துவிட்டார். அமெரிக்காவில் சார்ல்ஸ் ஹாஃப்லிங் என்ற மனநல டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும். ஆராய்ச்சி 1966-ல் வெளியானது. ஆஸ்பத்திரி வார்டுகளில், மருந்து அலமாரிக்குள் ஒரு புதுப் பெட்டியை வைத்தார்கள். பெயர் 'ஆஸ்ட்ரோடென்'. அப்படி ஒரு மருந்தே உலகத்தில் கிடையாது. உள்ளே இருந்தது வெறும் சர்க்கரை. ஆனால் லேபிளில் தெளிவாக அச்சடித்திருந்தது: வழக்கமான அளவு 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு அதிகபட்சம் 10 மில்லிகிராம்.

சாயங்கால டூட்டியில் நர்ஸ் தனியாக இருக்கும்போது போன் வரும். "நான் டாக்டர் ஸ்மித் பேசறேன். உங்க வார்டுல இன்ன பேஷண்ட்டுக்கு 20 மில்லிகிராம் ஆஸ்ட்ரோடென் குடுத்துடுங்க. பத்து நிமிஷத்துல நானே வரேன், வந்து ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன்."

எண்ணிப் பாருங்கள், எத்தனை தப்பு. போனில் மருந்து ஆர்டர் வாங்கக் கூடாது என்பது அந்த ஆஸ்பத்திரி விதி. டாக்டர் ஸ்மித் என்பவரை அந்த நர்ஸ் ஜென்மத்தில் பார்த்ததில்லை. மருந்து வார்டின் அனுமதிப் பட்டியலில் இல்லை. கேட்ட அளவோ, பெட்டியிலேயே போட்டிருக்கும் உச்சவரம்பைப் போல இரண்டு மடங்கு.

22 நர்ஸ்களுக்குப் போன் போட்டார்கள். 21 பேர் பெட்டியைத் திறந்து, மாத்திரையை எடுத்துக்கொண்டு, நோயாளியின் கட்டிலை நோக்கி நடந்தார்கள். அங்கே மறைவாகக் காத்திருந்த ஆராய்ச்சிக் குழு டாக்டர் குறுக்கே வந்து நிறுத்தினார்.

ஒரே ஒருவர் கொடுக்க மறுத்தார்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். வேறு 12 நர்ஸ்களைக் கூப்பிட்டு, போன் கீன் எதுவும் போடாமல், 'இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள்?' என்று காகிதத்தில் மட்டும் கேட்டார்கள். 10 பேர் 'கொடுக்க மாட்டேன்' என்று எழுதினார்கள். நர்ஸிங் மாணவிகள் 21 பேரிடம் கேட்டதற்கு, 21 பேருமே 'மாட்டவே மாட்டோம்'. காகிதத்தில் எல்லோரும் ஜான்சி ராணிதான். ஓட்டல் ஹாலில் நாம் கை தட்டுவதும் இதே கணக்கில்தான் வரும்.

உடனே 'பாத்தீங்களா, நர்ஸுங்களே இப்படித்தான்' என்று யாராவது ஆரம்பித்தால், அவரை அவருடைய ஆபீஸுக்கே திருப்பி அனுப்புங்கள். தலைமை ஆபீஸிலிருந்து பேசுவதாக ஒரு கம்பீரக் குரல் போனில் வந்து, "அந்தப் பேமெண்ட்டை இப்பவே ரிலீஸ் பண்ணுங்க, பேப்பர் பின்னாடி வரும்" என்று சொன்னால், 'பேப்பர் வரட்டும், அப்புறம் பண்றேன்' என்று சொல்கிற காஷியர் எத்தனை பேர்? எம்.டி. பெயரைச் சொல்லி இதே பாணியில் அக்கவுண்ட்ஸ் செக்ஷனை ஏமாற்றிப் பணம் கறக்கிற கும்பல்கள் இன்று இருக்கின்றன. அவர்கள் ஹாஃப்லிங்கைப் படித்திருக்க மாட்டார்கள். நம்மைப் படித்திருக்கிறார்கள்.

அந்த 21 பேரும் மோசமான நர்ஸ்கள் இல்லை. பின்னால் விசாரித்தபோது சுமார் பாதிப் பேர் லேபிளில் இருந்த உச்ச அளவைக் கவனிக்கவே இல்லை என்றார்கள். மீதிப் பேர் கவனித்திருக்கிறார்கள். 'டாக்டருக்குத் தெரியாததா?' என்று நினைத்துவிட்டார்கள். இந்த இரண்டாவது பாதிதான் என்னைத் தூங்கவிடவில்லை. கண் பார்த்திருக்கிறது, மூளை கணக்குப் போட்டிருக்கிறது, கால் மட்டும் கட்டிலை நோக்கி நடந்திருக்கிறது.

கதை இங்கேயே நின்றிருந்தால் நானும் பெருமூச்சு விட்டு நிறுத்தியிருப்பேன். 1977-ல் ரேங்க், ஜேக்கப்சன் என்று இரண்டு பேர் இதே சோதனையை மாற்றிச் செய்தார்கள். இந்தத் தடவை மருந்து கற்பனை அல்ல, எல்லா நர்ஸுக்கும் பழக்கமான வேலியம். அளவு மட்டும் ரொம்ப ஜாஸ்தி. போன் செய்தவர் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரிந்த டாக்டர். முக்கியமான வித்தியாசம், நர்ஸ் பக்கத்தில் இருக்கும் இன்னொரு நர்ஸிடம் பேசலாம், யோசனை கேட்கலாம். முடிவு? 18 பேரில் 2 பேர்தான் கொடுக்கத் தயாரானார்கள். 16 பேர் கொடுக்கவில்லை.

22-ல் 21 எங்கே, 18-ல் 2 எங்கே! பதினோரு வருஷத்தில் அமெரிக்க நர்ஸ்களின் முதுகெலும்பு திடீரென்று வளர்ந்துவிட்டதா? கொஞ்சம் வளர்ந்திருக்கலாம், காலமும் மாறியிருந்தது. ஆனால் பெரிய காரணம் என்று எனக்குப் படுவது இரண்டு. மருந்தைப் பற்றி அவர்களுக்கே தெரிந்திருந்தது. அடுத்து, 'ஏன்டி, இது ஜாஸ்தியா தெரியலை உனக்கு?' என்று கேட்க ஓர் ஆள் இருந்தது. தன்னைத் தானே மேய்ப்பது என்றால் தன்னந்தனியாக மேய்ப்பது என்று கோட் போட்ட ஆசாமி நமக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாங்கில் வேலை பார்க்கிற நண்பர்களைக் கேளுங்கள். ஒருத்தர் என்ட்ரி போட, இன்னொருத்தர் சரி பார்த்தால்தான் பணம் நகரும். மேக்கர், செக்கர் என்பார்கள். இன்சுலின் மாதிரி ஆபத்தான மருந்துகளுக்கு நல்ல ஆஸ்பத்திரிகளில் இதே முறை உண்டு. ஒரு சிஸ்டர் எடுப்பார், இன்னொரு சிஸ்டர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

இன்சுலின் என்றதும் ஒரு கணக்கு ஞாபகம் வருகிறது. நம் ஊரில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 100 குப்பியில் சிவப்பு மூடி சிரிஞ்சை விட்டு எடுத்தால், 10 என்று நினைத்து 25 போட்டிருப்பீர்கள். இரண்டரை மடங்கு. ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

சரி, தப்பு என்று தெரிகிறது, கேட்கவும் துணிச்சல் வந்துவிட்டது. எப்படிக் கேட்பது? டாக்டரின் தூக்கத்தைக் கெடுத்து, "சார், ஏழாம் நம்பர் பேஷண்ட் ஒரு மாதிரியா இருக்கார்" என்றால் அவர் எரிந்து விழத்தான் செய்வார். ஒரு மாதிரி என்றால் எந்த மாதிரி? இதற்கு விடை வந்தது வேடிக்கையான இடத்திலிருந்து: அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்கள். அங்கே மாலுமிகள் அவசரத் தகவலைச் சொல்லும் முறையை 2000-க்குப் பிறகு கைசர் பர்மனென்டே என்ற அமெரிக்க ஆஸ்பத்திரி நிறுவனம் எடுத்துக்கொண்டது. 'எஸ்பார்' என்று பெயர். முதலில் நிலைமை, அப்புறம் பின்னணி, அப்புறம் நான் நினைப்பது, கடைசியில் நீங்கள் செய்ய வேண்டியது. "சார், ஏழாம் நம்பருக்கு பி.பி. 80-க்கு 50. காலையில ஆபரேஷன் ஆனவர். உள்ளே ரத்தக் கசிவு இருக்குமோன்னு எனக்குச் சந்தேகம். நீங்க உடனே வந்து பார்க்கணும்." இருபது செகண்டுதான். இதில் மூன்றாவது வாக்கியத்தைப் பாருங்கள். 'எனக்குச் சந்தேகம்' என்று சொல்ல அந்த முறையே ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. காலம் காலமாக 'உனக்கென்னம்மா தெரியும்?' என்று கேட்கப்பட்டவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

இதையெல்லாம் நான் புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டு அளக்கவில்லை. இரண்டு வருஷம் முன்னால் என் அப்பா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தார். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். சர்க்கரைக்காரர், காலில் புண். சாப்பாட்டை நிறுத்தி டிரிப் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை சுகர் டெஸ்ட், அதற்குத் தகுந்த இன்சுலின். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தேன். ரூமுக்கு நேர் எதிரே சிஸ்டர்கள் உட்காரும் மேஜை.

ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். அந்த சிஸ்டருக்கு இருபத்திநாலு வயசுக்கு மேல் இருக்காது. "அப்பா, விரலைக் காட்டுங்க" என்று குத்திப் பார்த்தார். 216. சார்ட்டைப் புரட்டினார். சிரிஞ்சை எடுத்தவர் அப்படியே நின்றார். வெளிச்சத்தில் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார். பிறகு மேஜைக்குப் போய் போனை எடுத்தார்.

"சார், ஸ்டாப் நர்ஸ் பேசறேன், தேர்ட் ஃப்ளோர். ரூம் 312-க்கு இன்சுலின் ஆர்டர்ல ஒரு கிளாரிஃபிகேஷன்."

போனிலிருந்து வந்த சத்தம் பாயில் படுத்திருந்த எனக்கே கேட்டது. "எழுதினதைப் போடும்மா! இதுக்கெல்லாம் எழுப்புவியா?"

"சார், சுகர் 216. பேஷண்ட் வாய் வழியா ஒண்ணும் சாப்பிடலை. சார்ட்ல 40-ன்னு தெரியுது. நாற்பதா, நாலு யூனிட்டா சார்?"

சிறிது நேரம் மௌனம். மின்விசிறி சத்தம் மட்டும்.

"நாலு."

"நாலு யூனிட். எஸ், ஐ, எக்ஸுக்கு முன்னாடி வர நாலு, ஃபோர். சரிங்களா சார்?"

"ஆமாம்மா."

"தேங்க் யூ சார். நாளைக்குக் காலைல ஆர்டரைத் திருத்தி எழுதிடுங்க சார்." போனை வைத்துவிட்டு நோட்டில் மணியைப் பார்த்து எழுதினார். பக்கத்து வார்டு சிஸ்டரைக் கூப்பிட்டு சிரிஞ்சைக் காட்டினார். அப்புறம்தான் அப்பாவின் வயிற்றில் ஊசி இறங்கியது. அப்பா விழிக்கவே இல்லை.

மறுநாள் அந்தச் சார்ட்டை நானும் பார்த்தேன். டாக்டர் 4 எழுதி, யூனிட் என்பதற்குப் பதில் சோம்பேறித்தனமாக ஆங்கில 'யூ' எழுத்தை ஒட்டிப் போட்டிருந்தார். அதன் வாய் மூடிக்கொண்டு பூஜ்யமாகிவிட்டது. இது உலகம் பூராவும் தெரிந்த வியாதி. அதனால்தான் 'யூனிட்' என்று முழுசாக எழுதுங்கள் என்று தலையில் அடித்துக்கொள்கிறார்கள். வெறும் வயிற்றில் இருக்கும் கிழவருக்கு 40 யூனிட் போயிருந்தால், சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கி, தூக்கத்திலேயே நினைவு தப்பியிருப்பார். தூங்குகிறார் என்றுதான் நான் நினைத்திருப்பேன்.

சமோசா சாப்பிடாமல் அந்தப் பெண் அன்று செய்ததைக் கவனியுங்கள். எரிந்து விழுந்தவரிடம் எரிந்து விழவில்லை. 'நீங்க தப்பா எழுதிட்டீங்க' என்றும் சொல்லவில்லை. எண்ணைச் சொன்னார், நிலைமையைச் சொன்னார், கேள்வியைக் கேட்டார், பதிலைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டார், எழுதி வைத்தார், இன்னொருத்தரிடம் காட்டினார். மொத்தம் மூன்று நிமிஷம்.

காலை ஏழரைக்கு டூட்டி மாறும்போது, அடுத்து வந்தவரிடம் கட்டில் கட்டிலாக நடந்து சொல்லிவிட்டுப் போனார். "312, இன்சுலின் நாலு, நாற்பது இல்லை, ஆர்டர் திருத்தணும், ஞாபகப்படுத்துங்க." பிளாரன்ஸ் நைட்டிங்கேலை நாம் கையில் விளக்கோடு ஸ்கூல் பாடத்தில் நிறுத்திவிட்டோம். அந்த அம்மாள் உண்மையில் நம்ம கட்சி, கணக்குப் பிள்ளை. 1858-ல் லண்டன் புள்ளியியல் சங்கம் சேர்த்துக்கொண்ட முதல் பெண்மணி. அவருடைய நர்ஸிங் குறிப்புகள் புத்தகத்தில் ஒரு தனி அத்தியாயமே இதற்குத்தான்: நீ இருக்கும்போது செய்கிற நல்ல காரியம், நீ இல்லாதபோதும் நடக்க ஏற்பாடு செய்திருக்கிறாயா என்கிற சங்கதி. 1859-லேயே எழுதிவிட்டார்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நானும் கோட் போட்டவன் ஆகிவிடுவேன். 'சிஸ்டர்களே, உங்களை நீங்களே வழிநடத்துங்கள்' என்று நிர்வாகம் பேனர் கட்டுவதில் ஒரு தில்லுமுல்லு இருக்கிறது. இந்திய நர்ஸிங் கவுன்சிலின் கணக்குப்படி பொது ஆஸ்பத்திரியில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 3 பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும். அன்று ராத்திரி அந்த மாடியில் நான் எண்ணியது: 26 கட்டில், 2 சிஸ்டர். பக்கத்தில் கேட்க ஆள் இருந்தால்தான் 18-ல் 16 பேர் தலைநிமிர்கிறார்கள் என்றால், அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியது யார்? சுப்ரீம் கோர்ட் சொல்லி மத்திய அரசு போட்ட கமிட்டி, 2016-ல், சின்னத் தனியார் ஆஸ்பத்திரியானாலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை என்ற வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று ஆபீஸ் போகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

போன் எடுத்ததற்காக அந்தப் பெண் மறுநாள் திட்டு வாங்கினாரா என்று எனக்குக் கவலையாக இருந்தது. கேட்டேன். "அதெல்லாம் இல்லண்ணா. மேட்ரன் மேடம் நோட்டைப் பார்த்துட்டு, 'சரியா எழுதியிருக்கே'ன்னாங்க" என்றார். அந்த மேட்ரனைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. நான் ஒரு கும்பிடு பாக்கி.

ஆறாம் நாள் டிஸ்சார்ஜ். பில் நாலு பக்கம். அப்பா முப்பத்திரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். கையுறை, பஞ்சு, பிளாஸ்திரி எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி. நர்ஸிங் சார்ஜ் என்று ஒரே ஒரு வரி, ரூம் வாடகையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ராத்திரி ஒன்றரை மணி சமாசாரத்தை அதுவரை நான் அவரிடம் சொல்லவில்லை. அப்போது சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றினார். "எந்தப் பொண்ணு? கை சில்லுன்னு இருக்குமே, அதுவா?"

"ஆமாம்ப்பா."

"இன்னிக்கு நைட் டூட்டியா, கேட்டியா?" என்றார். அது எட்டு மணிக்குத்தான் வரும் என்றேன். அப்போது மணி நாலரை. ஆட்டோ வாசலில் நின்றுகொண்டிருந்தது. அப்பா பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நிறுத்தி வையேன், இருந்து பாத்துட்டுப் போலாம்" என்றார்.